சிவப்பு பஸ்ஸில் போன கைகள்

பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டுத் துணியைத் துவைத்தவள் ரம்பாபென். பேப்பரில் போட்டோ வந்தது தக்ஷாவுக்கு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

எங்கள் தால்வாலா போளில் நாற்பது வீடுகள். அகமதாபாத் கோட்டைக்குள், ராய்ப்பூர் பக்கம், வீடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிற சந்து; அதைத்தான் இங்கே போள் என்பார்கள். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நாலாவது வீட்டில் தும்மல் வரும். மொட்டைமாடிக் கொடியில் காய்கிற துணியைப் பார்த்தே அந்த வீட்டு மருமகள் எப்படிப்பட்டவள் என்று எடை போட்டுவிடுவார்கள் இங்கத்துப் பெண்கள். அந்தக் கணக்கில் அம்பாலால் படேல் வீட்டுக் கொடியை மிஞ்ச ஆள் கிடையாது. கிழவரின் வேட்டி, மாமியார் சூரஜ்பாவின் வெள்ளைச் சேலை, கணவன் நட்வரின் சட்டை, கொழுந்தன் பங்கஜின் பைஜாமா எல்லாம் கண் கூசுகிற வெள்ளை. அத்தனையும் மூத்த மருமகள் ரம்பாபென்னின் கைவேலை. காலை ஏழு மணிக்கு முற்றத்துச் சதுரக் குழியில் உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் கட்டையால் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இளைய மருமகள் தக்ஷா வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பி.ஏ. படித்தவள், நிறம், நல்ல பல் வரிசை. இதையெல்லாம்கூட ரம்பா பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். மாமனார் எதிரில் மருமகள் சேலைத் தலைப்பை முகத்துக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும், நேருக்கு நேர் பேசக் கூடாது. அதற்குப் பெயர் லாஜ். ரம்பா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் நிற்கிறாள். அம்பாலால் இன்றுவரை அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் தக்ஷா வந்த மறுநாளே கிழவர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டு சொல்லிவிட்டார்: "காலம் மாறிப்போச்சு சூரஜ். படிச்ச பொண்ணு. சின்ன மருமகளுக்கு லாஜ் எல்லாம் வேண்டாம்."

சின்ன மருமகளுக்கு வேண்டாம். பெரியவளுக்கு? அவளைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. அன்றைக்கு ரம்பா சமையலறையில் மாவு பிசைந்த வேகத்தில் பாத்திரமே நசுங்கியிருக்க வேண்டும்.

இந்த வருஷப் பங்குனி வெயிலில்தான் பக்லா பவுடர்க்காரர்கள் போளுக்குள் வந்தார்கள். கொக்குப் படம் போட்ட மஞ்சள் பாக்கெட், ஊரெல்லாம் அதுதான். 'எந்தப் போளில் எந்த வீடு அதிக வெள்ளை' என்று வாரத்துக்கு ஒரு வீட்டைப் பிடித்துப் பேப்பரில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு ஆள், பெயர் கிரீட்பாய். கூடவே காமிராவைத் தொங்கவிட்ட ஒருவன். இரண்டு பேரும் கழுத்தை நிமிர்த்திக் கொடி கொடியாகப் பார்த்துக்கொண்டே வந்து அம்பாலால் வீட்டு முன் நின்றுவிட்டார்கள்.

"அடேயப்பா! காகா, இதை யாரு துவைச்சது?"

ஊஞ்சலில் இருந்த அம்பாலால் உள்ளே குரல் கொடுத்தார். ரம்பா தலைப்பை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்களா?

"நீங்கதானா பென்? ரொம்ப சந்தோஷம். மாடிக்கு வாங்க. முந்தானையைக் கொஞ்சம் மேல தூக்கிட்டு, துணிக்கு நடுவுல நின்னு ஒரு சிரிப்பு சிரிங்க, போதும்."

ரம்பாவின் கை பாதி தூரம் போனது. கிழவர் தொண்டையைச் செருமினார். கை நின்றுவிட்டது.

"மாடியில போய் எடுத்துக்கறோம் பா," என்று கிரீட்பாய் மாமியாரிடம் கெஞ்சினான்; வயசான அம்மாவை இங்கே எல்லோரும் 'பா' என்றுதான் கூப்பிடுவார்கள். "காகா இங்கயே இருக்கட்டும்."

"நல்லா இருக்கே நீ பேசறது!" என்றாள் சூரஜ்பா. "மாடியில எடுத்தா என்ன, கிணத்துக்குள்ள எடுத்தா என்ன? நாளைக்கு பேப்பர்ல வருமில்ல? இத்தனை வருஷமா மறைச்ச மூஞ்சியை அவர் காலையில டீ குடிச்சிக்கிட்டே பாக்கணுமா? சின்னவ இருக்கா, அவளை நிக்க வைங்க."

"பா, நான் துணி மடிக்கறதோட சரி. துவைக்கறது பாபிதான்," என்றாள் தக்ஷா.

"துவைச்சவ யாருன்னு படத்துல தெரியவா போகுது? போய் தலை சீவிக்கிட்டு வா."

தக்ஷா தலை சீவிக்கொண்டு, மயில் கழுத்து நிறச் சேலை கட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். ரம்பா துவைத்த வேட்டிக்கும் ரம்பா துவைத்த சட்டைக்கும் நடுவில் நின்று அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள். கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ரம்பாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

படம் பேப்பரில் கால் பக்கம் வந்தது. 'தால்வாலா போளின் வெண்மை ராணி தக்ஷாபென்' என்று கொட்டை எழுத்து. சூரஜ்பா அதை வெட்டிக் கண்ணாடி போட்டு, ஊஞ்சலுக்கு எதிரே மாட்டினாள். வீட்டைக் கூட்டும்போதெல்லாம் ரம்பா அந்தக் கண்ணாடியையும் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்தாள், துடைக்காமல் என்ன செய்ய? தக்ஷாவின் பல் இருக்கிற இடத்தில் மட்டும் ஈரத்துணியை வைத்து இரண்டு அழுத்து அதிகமாக அழுத்துவாள்.

இதில் எதிர்வீட்டு மோங்கிபென் வேறு. அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"என்ன ரம்பா, இன்னிக்கும் நீதான் துவைக்கறியா? ராணி எங்க?"

"ராணி சாப்பிட்டுத் தூங்கறாங்க."

"பாவம், நீயும் கொஞ்சம் அவகிட்ட தொழில் கத்துக்கக் கூடாதா? கொக்கு பவுடர்ல எத்தனை ஸ்பூன் போடறான்னு கேட்டு வையேன்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் ரம்பாவுக்குத் தாங்கவில்லை. வேடிக்கைக்குச் சொல்வது போகப் போக நிஜமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆயிற்று, ஒரு மாதத்துக்குள் பக்கத்துப் போளிலிருந்து புதுமருமகள்கள் வந்து தக்ஷாவிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். வெற்றிலைக் கறை போக என்ன செய்யணும், மஞ்சள் கறை போக என்ன செய்யணும் என்று. தக்ஷாவும் உள்ளே வந்து ரம்பாவிடம் கேட்டுப் போய், வெளியே தன் வாயால் சொல்லி அனுப்பினாள். கெட்ட எண்ணம் ஒன்றும் அவளுக்குக் கிடையாது. அதுவும் ஒரு கோபம் ரம்பாவுக்கு. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

நட்வரிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். அவன் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன்.

"யாரு துவைச்சா என்ன, சட்டை வெள்ளையா இருக்கில்ல?" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டான்.

ஆடி பிறந்ததும் பவுடர் கம்பெனியிலிருந்து சீட்டு வந்தது. வருகிற வியாழக்கிழமை மறுபடி வருகிறார்கள், புது விளம்பரத்துக்கு; இந்தத் தடவை நகர பஸ்ஸில் ஒட்டப்போகிறார்களாம். சூரஜ்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை ரம்பா எழுந்திருக்கவில்லை. தலையில் ஒரு துணியை இறுகக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பாபி, என்ன ஆச்சு?"

"உடம்புக்கு ஆகல. இன்னிக்கு நீ துவை. ராணிதானே நீ?"

தக்ஷாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அரை மணி கழித்து ஈரக் கையோடு திரும்பி வந்தாள்.

"பாபி, கடைசி அலசலுக்கு நீலம் எவ்வளவு விடணும்?"

ரம்பா எப்போதும் ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு சொட்டு விடுவாள். அதைக் கையால் கலக்கி, நிறம் பார்த்து, பிறகுதான் துணியை முக்குவாள். நாக்கு நுனி வரை அந்த நாலு சொட்டு வந்தது. வந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"ஒரு மூடி நிறைய ஊத்து. துணி மேலயே ஊத்து, அப்பத்தான் நல்லாப் பிடிக்கும்."

சொன்னது தப்புத்தான். தப்பென்று தெரிந்தேதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தபோது மனசு குளுகுளுவென்று இருந்தது.

பதினொரு மணிக்கு கிரீட்பாயும் காமிராக்காரனும் வந்தார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கிழவரின் வேட்டி நெடுக நீலத் திட்டுத் திட்டாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சூரஜ்பாவின் சேலை பாதி வானம், பாதி மேகம். எதிர்மாடியில் மோங்கிபென்னும் இன்னும் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"இது என்ன பென்?" என்று கிரீட்பாய் அலறினான்.

"நீலம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு," என்றாள் தக்ஷா.

"நீலமா? ஐயையோ, மெதுவாப் பேசுங்க! பக்லா போட்டா நீலமே வேண்டாம்னு நாங்க பாக்கெட்ல அச்சடிச்சு வச்சிருக்கோம்! எப்பவும் நீலம் போட்டா துவைக்கறீங்க?"

"எனக்கு என்ன தெரியும்?" தக்ஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் துவைக்கறவளே இல்ல. அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க? எல்லாம் பாபி துவைக்கறது. இந்தப் போளுக்கே தெரியும், தெரியாத மாதிரி நடிக்கறாங்க!"

அவள் போட்ட சத்தம் நாற்பது வீட்டுக்கும் கேட்டது. படுக்கையில் இருந்த ரம்பாவுக்கும் கேட்டது. தலைவலி பறந்துவிட்டது. தலைக்கட்டை அவிழ்த்துப் போட்டு, தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மாடிக்குப் போய்க் கிழவரின் வேட்டியை உருவி எடுத்து வந்து, குழியில் உட்கார்ந்து, வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஊறப் போட்டாள். ஆறு தண்ணீர் மாற்றி அலசினாள். வேட்டி வெள்ளை வெளேரென்று வந்தபோது எதிர்மாடியில் யாரும் சிரிக்கவில்லை.

கிரீட்பாய் நின்று முழுசும் பார்த்துக்கொண்டிருந்தான். காமிராக்காரனிடம் காதோடு காதாக ஏதோ சொன்னான். பிறகு சூரஜ்பாவிடம் வந்தான்.

"பா, இந்தத் தடவை முகமே வேண்டாம். கை மட்டும் போதும். பெரியவங்க கையையும் எடுத்துக்கறோம், சின்னவங்க கையையும் எடுத்துக்கறோம்."

"கைதானே? கையில என்ன லாஜ்? எடுத்துக்கோ."

ரம்பா இரண்டு கையையும் முழங்கை வரை நீட்டினாள். நுரையில் வைத்து எடுத்தான், நுரை இல்லாமல் எடுத்தான், உள்ளங்கையைத் திருப்பச் சொல்லி எடுத்தான். விரல் நுனி வெடிப்பு, நகத்தோரம் தோல் உரிந்த இடம் எல்லாவற்றையும் கிட்டப் போய் எடுத்தான். தக்ஷாவுக்கு இரண்டே படம். தனக்கு ஒன்பது. எண்ணிக்கொண்டுதான் இருந்தாள் ரம்பா.

அடுத்த மூன்று வாரம் அவள் நடையே மாறிவிட்டது. காய்கறிக்காரியிடம் சொன்னாள், ஹவேலிக் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னாள், மோங்கிபென்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

"மூஞ்சி யாருக்கும்தான் இருக்கு மோங்கிபென். வேலை செய்யற கை எத்தனை பேருக்கு இருக்கு? அவனே தேடி வந்து எடுத்துட்டுப் போறான். லால் தர்வாஜா பஸ்ல வரும், பாரு."

"வரட்டும் வரட்டும். பார்த்துட்டு வந்து சொல்லு."

வந்துவிட்டது என்று காய்கறிக்காரி ஒரு காலையில் சொன்னாள். ரம்பா வேலையைப் போட்டது போட்டபடி, கொத்துமல்லி வாங்கி வருகிறேன் என்று புறப்பட்டு ஆஸ்டோடியா வாசல் வரை நடந்தாள். இரண்டு பஸ் வெறும் பஸ்ஸாகப் போயின. மூன்றாவது சிவப்பு பஸ்ஸின் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்கு, அவள் கை.

சாட்சாத் அவள் கைதான். பஸ் நிறுத்தத்தில் நின்றது. நாலாம் வகுப்புப் படிப்பு அவளுக்கு. எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் கைக்கு மேலே, 'நேற்று வரை: மட்டமான பவுடர்' என்று இருந்தது. பக்கத்தில் வெண்ணெய் மாதிரி தக்ஷாவின் கை. அதற்கு மேலே, 'இன்று முதல்: பக்லா. துணிக்கு வெண்மை, கைக்கு மென்மை.'

பஸ் போய்விட்டது. ரம்பா நின்ற இடத்திலேயே நின்றாள். வருஷக்கணக்காக அந்த வீட்டுக்கு பக்லா தவிர வேறு பவுடர் வந்ததில்லை. அந்தக் கையை வெடிக்க வைத்ததே பக்லாதான். பாவி, அதற்குத்தான் ஒன்பது படம் எடுத்தானா? துணியை இவள் துவைக்க வேண்டும், பேர் அவளுக்கு. கையை இவள் தேய்க்க வேண்டும், மென்மை அவளுக்கு. நடுத்தெருவில் நின்றுகொண்டு தன் இரண்டு கையையும் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். கொத்துமல்லி வாங்க மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் தக்ஷா சமையலறை வாசலில் காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. பங்கஜ் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான்.

"பாபி, நான் கம்பெனிக்கே போய் அந்த ஆளை நாலு கேள்வி கேக்கறேன். இது என்ன நியாயம்?"

"கேட்டு? என் கையைக் கிழிச்சிட்டு அங்கேயும் உன் கையை ஒட்டச் சொல்லுவியா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். உனக்குத்தான் கேக்காமலே எல்லாம் கிடைக்குதே! மூஞ்சியைத் திறந்து வச்சுக்கன்னு சொன்னாங்க, போட்டோ எடுத்தாங்க, ராணின்னாங்க, இப்ப கைக்கும் பட்டம். என்கிட்ட வந்து அழாதே. உன் பரிதாபத்தை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போ."

தக்ஷா போகவில்லை. வெள்ளரிக்காயை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள். 'ஒரு மூடி ஊத்து' என்று யார் சொன்னது என்பதை அவள் அன்றைக்கும் வெளியே சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அது ரம்பாவுக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிச்சல்.

பகல் சாப்பாட்டு வேளைக்கு அம்பாலால் ஹவேலியிலிருந்து திரும்பினார். வெயிலில் வந்த முகம் சிவந்து, ஏதோ பரபரப்பு. மணைப்பலகையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக மனைவியைப் பார்த்து ஆரம்பித்துவிட்டார். ரம்பா தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பிலிருந்து சுடச்சுட ரோட்லியை எடுத்து வந்து தட்டில் போட்டாள். தக்ஷா மோர்க் குவளையோடு நின்றாள்.

"சூரஜ், இன்னிக்கு பஸ்ல என்ன பாத்தேன் தெரியுமா? நம்ம பெரிய மருமக கை! இம்மாம் பெருசு!"

ரம்பாவின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. கிழவர் வரைக்கும் எல்லோரும் அந்த எழுத்தைப் படித்துவிட்டார்களா?

"பவுடர்க்காரன் எடுத்துட்டுப் போனானே, அதுவா?" என்றாள் சூரஜ்பா. அவளுக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை.

"அதேதான். கூட நின்ன சந்துலால், ஜேட்டாபாய் எல்லார்கிட்டயும் சொன்னேன். 'இது என் வீட்டுக் கைடா'ன்னு. 'எப்படிக் கண்டுபிடிச்சே'ங்கறான் ஜேட்டா. எப்படிக் கண்டுபிடிக்கறதா? மூஞ்சியைக் காட்டினா எனக்கு யாருன்னே தெரியாது. இந்தக் கையை இருட்டுல காட்டினாலும் சொல்லுவேன். பத்தொம்பது வருஷமா எனக்கு ரோட்லி போடற கை இல்லயா!"

மாமனாரிடம் நேராகக் கேட்கக் கூடாது. ரம்பா மாமியார் பக்கம் குனிந்து, கிழவர் காதில் விழுகிற அளவுக்கு முணுமுணுத்தாள்.

"பா, கைக்கு மேல எழுதியிருந்ததைப் படிச்சாங்களான்னு கேளுங்க."

"எழுதியிருந்துச்சா?" என்றார் அம்பாலால், மனைவியைப் பார்த்தே. "கண்ணாடி வீட்டுல இருக்கு, நான் எங்க படிக்க? கையைத்தான் பாத்தேன்."

ரம்பா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வயிற்றில் எரிகிறதை அணைக்காமல் அவளால் சோறு தின்ன முடியாது.

"பக்கத்துல இன்னொரு கை இருந்துச்சே, அது யாருதுன்னு தெரிஞ்சுதான்னு கேளுங்க பா."

கிழவர் ரோட்லியைப் பிய்த்தவர் நிறுத்தினார். புருவத்தைச் சுருக்கி யோசித்தார்.

"பக்கத்துல வேற கையும் இருந்துச்சா?"

ரம்பா அடுத்த ரோட்லியில் நெய்யைத் தாராளமாகத் தடவிக் கொண்டுவந்து போட்டாள். மோர்க் குவளையோடு நின்ற தக்ஷாவின் முகம் போன போக்கு, தன் முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்த ரம்பாவுக்கு நன்றாகத் தெரிந்தது.